சி.டி.ஐ. வாங்கும்போது நாமும் வாடிக்கையாளரே!



நம் ஒரகடம் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013-ல் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தது. பிறகு பக்கத்திலுள்ள வல்லம் வடகாலிலும் திறந்தது. யமஹா தொழிற்சாலையும் வல்லம் வடகாலில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, நம் நாட்டில் விற்பனையாகும் புது வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஆனால் நம் கடைக்குச் சர்க்கரை மூட்டையும் எண்ணெய் டின்னும் சுமந்து வருவது எது? பழைய எக்ஸ்.எல். சூப்பரும், பழைய ஸ்பிளெண்டரும்தான். இவை அத்தனையும் கார்புரேட்டர் வண்டிகள். வண்டி ஒருநாள் நின்றால் சரக்கு ஒருநாள் நிற்கும். எனவே இது மெக்கானிக்கின் விஷயம் மட்டுமல்ல, நம் வியாபார விஷயமும்கூட.

வண்டி நின்றதும் நாம் முதலில் கேட்கும் வார்த்தை, "சி.டி.ஐ. போயிடுச்சு சார்" என்பது. கடைக்குப் போனால் மூன்று விதமான பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். ஒன்று கம்பெனிப் பெட்டி. இரண்டாவது, பாதி விலையில் ஊர் பேர் தெரியாத பெட்டி. மூன்றாவது, "ரேஸிங்" என்று பளபளப்பாக எழுதிய பெட்டி. எதை வாங்குவது?

நான் பாதி விலைப் பெட்டியை வாங்கியவன். பில் கேட்கவில்லை. அட்டையில் தெரிந்த பெயர் ஒன்று இருந்தது, அதை நம்பினேன். முதல் இரண்டு வாரம் வண்டி முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஓடியது. பிறகு மூட்டையோடு மேட்டில் ஏறும்போது இன்ஜினில் 'டக டக' என்று தட்டும் சத்தம் வந்தது. சுமை அதிகம் போலும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் படப்பையிலிருந்து சரக்கு ஏற்றி வரும்போது, ஒரகடம் கூட்டுச் சாலைக்குச் சற்று முன்பு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் அடித்ததால் இன்று இதை எழுதுகிறேன். இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை! பெட்டி விற்றவரிடம் போனேன். "எலக்ட்ரிக் சாமானுக்கு கேரண்டி கிடையாது" என்றார்.

கோபம் வந்தது. வீடு திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். என் கடையில் வாங்கிய பருப்பில் வண்டு இருக்கிறது என்று ஒரு தாய்மார் வந்தால், "பருப்புக்கு கேரண்டி கிடையாது" என்று நான் சொல்வேனா? துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் நாம், சி.டி.ஐ. வாங்கும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்?

அந்தப் பெட்டி செய்யும் வேலையை எளிதாகச் சொல்கிறேன். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குச் சற்று முன்னதாகவே பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும். அப்போதுதான் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ள நேரம் கிடைக்கும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி முன்னதாக விழுந்தால் போதும். வேகம் கூடினால் 30 டிகிரி வரைகூடத் தேவைப்படும். இந்தக் கணக்கு சி.டி.ஐ. பெட்டிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு கணக்கு. பொறி அளவுக்கு மீறி முந்தினால் இன்ஜின் தட்டும், சூடேறும், பிஸ்டன் உருகும். பிந்தினால் இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும், சைலன்ஸர் கொதிக்கும்.

"ரேஸிங்" பெட்டியில் பெரும்பாலும் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, மேல் வேகத்துக்கான பொறியை முந்த வைத்திருப்பார்கள். அதன் பலன் இன்ஜின் உச்ச வேகத்தில் சுற்றும்போதுதான் தெரியும். மூட்டை ஏற்றிய நாம் அந்த வேகத்துக்குப் போவதே இல்லை. நமக்கு வேண்டியது கீழ் வேகத்தில் இழுவை. ஆகவே சுமை வண்டிக்கு ரேஸிங் பெட்டி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்கும் முன் சில காரியங்களைச் செய்யுங்கள். முதலில், பழுது பெட்டியில்தானா என்று உறுதி செய்யுங்கள். பிளக், பிளக் கேப், எர்த் ஒயர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் கிளம்பி, சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பும் வண்டியில் பிக்கப் காயிலையும் சந்தேகிக்க வேண்டும். அதே மாடல் வண்டியிலிருந்து நல்ல பெட்டியைக் கழற்றி ஒருநாள் மாட்டி ஓட்டிப் பார்த்தால், உண்மை தெரிந்துவிடும். செலவும் இல்லை.

அடுத்து, பெட்டியில் ஏ.சி., டி.சி. என்று இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு மேக்னட் காயிலிலிருந்து நேராக மின்சாரம் வரும். பேட்டரி செத்தாலும் கிக் அடித்தால் வண்டி ஓடும். இரண்டாவது வகைக்குப் பேட்டரி மின்சாரம் வேண்டும். பின் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டக் கூடாது. பழைய பெட்டியின் மேல் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அதே எண், அதே மாடல், அதே ஆண்டுக்கு உரியதைக் கேளுங்கள். கம்பெனிப் பெட்டி கிடைக்காவிட்டால், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் அச்சிட்ட பெட்டியைப் பில்லோடு வாங்குங்கள்.

மாட்டிய பின் டைமிங் லைட் வைத்து, மேக்னட்டில் உள்ள குறியோடு பொறி ஒத்துவருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது சரியான பிறகே கார்புரேட்டரைத் தொட வேண்டும். இன்ஜினைச் சூடாக்கி, ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி ஐடிலிங் சீராக வைத்து, சுமையோடு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப் பொடி நிறம் இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு.

இங்கே இன்னொரு சேதி. 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. புது வண்டி அதற்கேற்பப் பெட்ரோலைத் தானே கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி இல்லை. கலவை சற்று மெலிந்துபோகும்; காலையில் கிளம்பச் சண்டித்தனம் செய்யலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நாள்கணக்கில் நின்ற வண்டி கிளம்பாவிட்டால், உடனே சி.டி.ஐ. மேல் பழி போடாமல், டேங்கையும் கார்புரேட்டரையும் முதலில் பாருங்கள்.

நம் ஒரகடத்திலேயே வண்டிகளைச் சோதிக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. புது வண்டிக்குச் சோதனை உண்டு. பேர் தெரியாத பெட்டிக்கு யார் சோதனை செய்வது? நாம்தான், நம் உயிரை வைத்து!

வண்டி உதிரிப்பாகம் விற்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பில்லில் பெட்டியின் எண்ணையும் வண்டி மாடலையும் எழுதிக் கொடுங்கள். ஒரு மாதமாவது மாற்றித் தருவதாக உறுதி சொல்லுங்கள். பிறர் பெயர் ஒட்டிய போலிச் சரக்கைத் தொடாதீர்கள். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 104-வது பிரிவு, அப்படி விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. அது தேயிலைப் பொட்டலம் விற்கும் நமக்கும் பொருந்தும்.

வாங்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. பில் கேட்க வெட்கப்பட வேண்டாம். நம் கடையில் வாடிக்கையாளர் எந்த நேர்மையை எதிர்பார்க்கிறாரோ, அதை நாம் வாங்கும் இடத்திலும் கேட்டுப் பெறுவோம். நான் பாதி விலையில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு, இன்ஜின் வேலைக்குக் கொடுத்தேன். அந்த ஓட்டை விழுந்த பிஸ்டன் இன்னும் என் கல்லாப் பெட்டி மேலேயே இருக்கிறது. எதையாவது மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால், முதலில் அதைத்தான் பார்ப்பேன்.