நடைபாதையில் கிடப்பவர் யார்?

நம் கொடும்பாளூரைக் கொடும்பை என்று குறிக்கும் சிலப்பதிகாரம், இங்கே மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரிவதாகக் கூறுகிறது. இன்றும் நம் பக்கத்து மக்கள் பிழைப்பு நாடித் திருச்சிக்கும் மதுரைக்கும் செல்கின்றனர். சென்றவர் எல்லோரும் வாழ்ந்துவிடுவதில்லை. நோயுற்று நடைபாதையில் வீழ்ந்தவருக்கு நகரத்தில் யார் உறவு?

இக்கேள்விக்குக் கல்கத்தாவில் விடை தேடியவர் ஓர் ஆசிரியை. நம் பள்ளியைப் போன்ற பெண்கள் பள்ளியொன்றில் பூகோளம் கற்பித்த அன்னை தெரசா, 1948-ல் லொரேட்டோ மடத்தை விட்டுச் சேரிக்குச் சென்றார். அவருடன் முதலில் சேர்ந்தவர்கள் அவருடைய பழைய மாணவியரே! 1952-ல், காளி கோயிலருகே மாநகராட்சி அளித்த யாத்திரிகர் சத்திரத்தில் 'நிர்மல் ஹிருதய்' இல்லம் தொடங்கிற்று. தெருவில் கிடந்தோரைத் தூக்கி வந்து, புண்களைக் கழுவி, உணவூட்டினர். இறப்போருக்கு அவரவர் சமயப்படி இறுதிக்கடன் செய்வது அங்கே வழக்கமாயிற்று. சாகும் வேளையிலாவது மனிதன் மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்பதே அவ்வில்லத்தின் நோக்கம்.

அங்கே மருத்துவ வசதி போதவில்லை என்று 1994-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் குறை கூறிற்று. 2016-ல் அன்னை புனிதராக அறிவிக்கப்பட்டார் என்பதற்காக இக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. அன்பு கையைப் பிடிக்கும்; வலியைத் தணிக்கக் கல்வியும் வேண்டும். எனவே, நம் மாணவியர் மருத்துவமும் செவிலியர் பணியும் பயில்வதை வெறும் சம்பளத்துக்கான வழியாக எண்ண வேண்டாம் எனப் பெற்றோரை வேண்டுகிறோம்.

நாளை நகரத்துக்குச் செல்லும் தோழியரே! நடைபாதையில் கிடப்பவர் நம் ஊரில் பஸ் ஏறியவராகவும் இருக்கலாம். விலகிச் செல்லாதிருப்போம்.