பார்த்ததெல்லாம் பிடித்ததாகிவிடாது

அமெரிக்கப் பத்திரிகையாளர் கில்லியன் பிராக்கெல் 2018 டிசம்பரில் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். அவர் கருவுற்றிருந்ததை நிறுவனங்கள் மோப்பம் பிடித்திருந்தன. அதற்கேற்ற விளம்பரங்களும் வந்தபடி இருந்தன. குழந்தை இறந்தே பிறந்தது. விளம்பரங்கள் நிற்கவில்லை. மனம் நொந்து 'வேண்டாம்' என்று அழுத்தினார். உடனே கணினி, சுகப்பிரசவம் ஆகிவிட்டது என்று முடிவுகட்டி, பாலூட்டும் தாய்க்கான உள்ளாடைகளையும் குழந்தையைத் தூங்கவைக்கும் வழிகளையும் காட்டத் தொடங்கியது.

இன்னும் அதிகத் தகவல் கிடைத்தால் பரிந்துரைகள் துல்லியமாகும் என்று வாதிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தையை இழந்த செய்தியை அந்தத் தாயே தன் பக்கத்தில் எழுதியிருந்தார். தகவல் இருந்தது, அதைப் பொருட்படுத்தும் தேவை நிறுவனங்களுக்கு இருக்கவில்லை.

கோளாறு அளவுகோலில் இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்குக்கு யூடியூப் 2012இல் மாறியது. ஏன் பார்த்தார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. ரசித்துப் பார்த்ததும், பதறிப்போய்ப் பார்த்ததும், தூங்கிப்போனதால் தானாக ஓடியதும் ஒன்றுதான். ஒரே செல்பேசி பல கைகளில் புழங்கும் நம் வீடுகளில் குழப்பம் இன்னும் கூடுகிறது. பேரன் பார்த்த பொம்மைப் படம் தாத்தாவின் விருப்பமாகிறது. மாமனாரின் சர்க்கரை அளவு பற்றி மருமகள் ஒருமுறை தேடினால், நோயை அடியோடு ஒழிப்பதாகச் சொல்லும் பொடிகள் வாரக்கணக்கில் திரையில் வந்து நிற்கின்றன. அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் பொறுப்பேற்பது யார்?

பிடிக்காவிட்டால் பொத்தானை அழுத்தலாமே என்பார்கள். மோசில்லா அறக்கட்டளை ஏறத்தாழ 23,000 பேரின் உதவியோடு யூடியூபை ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. 'ஆர்வமில்லை' என்ற பொத்தான், வேண்டாத பரிந்துரைகளில் 11 சதவீதத்தை மட்டுமே தடுத்திருந்தது. பயனர் சொல்வதைக் கேட்காத பொத்தானைத் திரையில் வைத்திருப்பது ஏமாற்று வேலை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகப் பெரிய தளங்கள், பயனரை வேவு பார்க்காத ஒரு பரிந்துரை முறையையாவது தந்தாக வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து இது கட்டாயம். அதையும் நிறுவனங்கள் தட்டிக்கழிக்கப் பார்த்தன. இன்ஸ்டாகிராமில் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், செயலியை மூடித் திறந்தால் பழையபடி மாறிவிட்டது. 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், பயனரின் தேர்வு நிலைத்திருக்க வேண்டும் என்று அதை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளின் நடவடிக்கைகளைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்க வகைசெய்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் தாத்தாவின் கணக்கில் படம் பார்க்கும் பேரனை அது எப்படிக் காக்கும்? பெரியவர்களுக்கோ, வேவு பார்க்காத பரிந்துரை முறையைத் தரவேண்டும் என்ற கட்டாயம் அதில் எங்கும் இல்லை.

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இதற்கு விதி வகுக்க வேண்டும். நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் நேர வரிசையில் காட்டும் வசதி முதல் திரையிலேயே, தமிழிலும் இருக்க வேண்டும். நாமாக மாற்றும்வரை அது மாறக் கூடாது. 'வேண்டாம்' என்று ஒருமுறை சொன்னது மீண்டும் வந்தால் நிறுவனத்துக்கு அபராதம் விதிக்க வேண்டும்.