மதிப்பெண் போடாத மேடை

கடந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, நல்ல மழை. காலாங் வட்டாரத்தில் உள்ள தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் சரக்கு மின்தூக்கியில் நானும் என் பல்கலைக்கழகத் தோழியும் நனைந்த குடையோடு நின்றுகொண்டிருந்தோம். அட்டைப்பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியுடன் ஏறிய ஊழியர் ஒருவர் எங்களைப் பார்த்ததுமே, “பாட்டு கேக்க வந்தீங்களா? நாலாவது மாடி, இடது பக்கம். சத்தம் கேக்கும், போங்க,” என்றார். வழிகாட்டிப் பலகை எதுவும் இல்லாததால் அவர் சொன்னது உதவியாக இருந்தது.

உள்ளே போனால், பள்ளி வகுப்பறையைவிடச் சற்றே பெரிய ஓர் அறை. நாற்காலிகள் இல்லை. மேடை என்று சொல்லப்பட்டது ஒரு சாண் உயரப் பலகை. நுழைவுச்சீட்டு 18 வெள்ளி. வந்திருந்தவர்கள் ஏறத்தாழ அறுபது பேர். பெரும்பாலோர் என் வயது, ஓரிருவர் பாடகர்களின் பெற்றோர். ஓர் அம்மா இரு காதுகளிலும் பஞ்சு வைத்துக்கொண்டு கடைசிவரை சிரித்தபடியே நின்றார்.

நான்கு பேர் கொண்ட இசைக்குழு அது. எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும். பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் மலாய்ப் பெண், இன்னொரு கிட்டார், டிரம்ஸ், பேஸ் கிட்டார். பேஸ் வாசித்தவர் தமிழ் இளையர். அவர்கள் பாடுவது ‘இண்டி பாப்’ வகை. பெரிய இசை நிறுவனங்களின் துணையில்லாமல் தாங்களே எழுதி, தாங்களே பதிவுசெய்து வெளியிடும் பாடல்கள். மெட்டு எளிமையாக இருக்கும், கிட்டார் பளிச்சென்று ஒலிக்கும், மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும்.

குழுவின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் நீங்கள் உடனே கைப்பேசியில் தேடி, இணையத்தில் உள்ள அவர்களுடைய மூன்று பாடல்களைக் கேட்டுவிட்டு, “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். நானும் போகுமுன் அப்படித்தான் சொன்னேன். அந்தப் பதிவுகளில் அவர்கள் கூச்சப்படுவதுபோல இருக்கிறது. அந்த அறையில் அவர்கள் வேறு ஆட்கள்.

முதல் பாட்டிலேயே டிரம்ஸ் அடி நெஞ்சுக்கூட்டுக்குள் விழுந்தது. பாடும் பெண் நின்ற இடத்தில் நிற்கவே இல்லை. இரண்டாவது பாட்டில் ஒலிவாங்கிக் கம்பி காலில் சுற்றிக்கொள்ள, ஒற்றைக் காலில் குதித்தபடி அதை விடுவித்துக்கொண்டு ஒரு வரிகூட விடாமல் பாடினார். மூன்றாவது பாட்டில் கிட்டார் தந்தி அறுந்தது. அதை மாற்றும்வரை டிரம்ஸும் பேஸும் ஒரே தாளத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்க, அவர் தன் வீட்டுக்குக் கீழே குடியிருப்பவர் மூன்று முறை கதவைத் தட்டிய கதையைச் சொன்னார். அடுக்குமாடி வீட்டில் இசைக்கருவி பழகிய எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். அறையே சிரித்தது.

நான் எழுத வந்தது அதற்கு அடுத்து நடந்ததைப் பற்றி. ஐந்தாவது பாட்டைத் தவறான சுருதியில் தொடங்கிவிட்டார்கள். நான்கு வரி போனதும் அந்தப் பெண் கையை உயர்த்தி நிறுத்தினார். “மன்னிச்சிடுங்க, நான் வேற ஏதோ பாட்டு பாடிட்டு இருக்கேன்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மறுபடி தொடங்கினார்கள். இரண்டாவது முறை கூட்டமும் சேர்ந்து பாடியது. பாட்டு தெரியாத நானும்தான்.

எனக்குத் தொண்டை அடைத்தது. தோழியிடம் அப்போது காரணம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

தொடக்கநிலை ஐந்தில் தமிழ்ப் பேச்சுப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டேன். அம்மா எழுதித் தந்து, மூன்று வாரம் மனப்பாடம் செய்த பேச்சு. இரண்டாவது பத்தியில் ஒரு சொல் மறந்துபோனது. யோசித்தேன், வரவில்லை. முன்வரிசையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த மூன்று நடுவர்களும் ஒரே நேரத்தில் தலைகுனிந்து ஏதோ எழுதினார்கள். பேனா நகர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. மணி அடித்தது. இறங்கி வந்தேன். யாரும் திட்டவில்லை, ஆறுதல் பரிசுகூடக் கொடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பத்து ஆண்டுகளில் தமிழில் பேசவோ பாடவோ நான் ஒரு மேடையிலும் ஏறியதில்லை. ஆங்கிலத்தில் ஏறியிருக்கிறேன். வகுப்பில் படைப்புகள் செய்யும்போது தடுமாறினால் “மன்னிக்கவும்” என்று சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். ஒன்றும் ஆவதில்லை.

நம் மாணவர்களுக்குத் தமிழில் மேடைகளே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் ஒவ்வொரு வார இறுதியும் நிகழ்ச்சிதான். பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, பாட்டுப் போட்டி, கவிதைப் போட்டி, விவாதம். ‘வசந்தம் ஸ்டார்’ போன்ற போட்டிகளால் நல்ல பாடகர்கள் வெளியே தெரியவந்ததை மறுக்க மாட்டேன். தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் மேடையேற்றும் ‘சங்கே முழங்கு’ போட்டி இல்லைதான். ஆனால் அது பல மாதப் பயிற்சிக்குப் பிறகு பெரிய அரங்கில் நடக்கும் தயாரிப்பு. ஒன்று நடுவர் முன் நிற்க வேண்டும், அல்லது முழுத் தயாரிப்போடு வர வேண்டும். அரைகுறையாக எழுதிய ஒரு பாட்டோடு போய் நிற்க, பாதியில் நிறுத்திவிட்டுச் சிரிக்க, மறுபடி தொடங்க, தமிழில் எங்கே இடம் இருக்கிறது?

நிகழ்ச்சி முடிந்ததும் அந்த பேஸ் வாசித்த இளையர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பேசினேன். தொடக்கக்கல்லூரி முடித்துவிட்டாராம், ஜனவரியில் தேசிய சேவைக்குப் போகிறாராம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அன்று எல்லாப் பாட்டையும் ஏன் அவ்வளவு வேகமாக வாசித்தார்கள் என்று. நம் ஊரில் பையன்கள் இருக்கும் எந்த இசைக்குழுவுக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஒருவர் போவார், அவர் திரும்பி வரும்போது இன்னொருவர் போயிருப்பார். ஈராண்டு சேவையையும் பல்கலைக்கழகத்தையும் தாண்டி ஒரு குழு பிழைத்திருந்தால் அதுவே சாதனை.

“தமிழில் பாட்டு எழுதியதுண்டா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றும்படி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “ரெண்டு பாட்டு வச்சிருக்கேன்க்கா. ஆனா எங்க பாடறது? தமிழ்னு சொன்னாலே யாராவது மார்க் போட வந்துடுவாங்க. ழகரம் சரியா வரலைன்னு சொல்வாங்க.”

இதைக் கேட்டுச் சில பெரியவர்களுக்குக் கோபம் வரலாம். உச்சரிப்பு முக்கியமில்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான். ழகரத்தை ளகரமாக்கிப் பாடுவதைக் கேட்டால் எனக்கும் பல் கூசும். ஆனால் பத்துப் பாட்டு எழுதினால்தான் பதினோராவது பாட்டில் ழகரம் நிமிரும். முதல் பாட்டிலேயே திருத்தினால் இரண்டாவது பாட்டு வராது. நான் இரண்டாவது மேடைக்குப் போகாதவள், அதனால் தெரியும்.

சிங்கப்பூர் நாடக முன்னோடி குவோ பாவ் குன், சுமாரான வெற்றியைவிட மதிப்புள்ள தோல்வி மேல் என்று சொல்லிவந்தவர். 1990இல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் அவர் தொடங்கிய ‘சப்ஸ்டேஷன்’ அந்த எண்ணத்தில்தான் நடந்தது. பழைய துணைமின்நிலையம் ஒன்றைக் கலை நிலையமாக்கி, பெயர் தெரியாத இளையர்களுக்கும் திறந்துவிட்டார்கள். நாடகம், கவிதை, ஓவியம், உரத்த கிட்டார் எல்லாமே அங்கு இடம்பெற்றன. அதற்கு ஈராண்டு முன்னால், 1988இல், அவர் மேடையேற்றிய ‘மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட்’ நாடகத்தில் ஹொக்கியன் மட்டுமே பேசும் ஒரு மூதாட்டியும் தமிழ் பேசும் ஒரு முதியவரும் சந்திப்பார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவருமே பூனையைத் தேடுகிறவர்கள் என்பதால் சைகையிலேயே பேசிக்கொள்வார்கள். எங்கள் தலைமுறையில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில்தான் தெரியவந்தது. சப்ஸ்டேஷன் 2021இல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. நான் அதற்குள் ஒருமுறைகூடப் போனதில்லை.

சிறிய இடங்கள் மூடப்பட்டால் நாளைய பெரிய பாடகர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று வழக்கமாகக் கேட்பார்கள். அதற்குச் சான்றுகளும் உண்டு. 1960களில் குவீன்ஸ்டவுன் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ‘தி குவெஸ்ட்ஸ்’ குழுவின் ‘ஷாண்டி’ என்ற பாட்டு, 1964இல் உள்ளூர்ப் பாடல் வரிசையில் பீட்டில்ஸையே முதலிடத்திலிருந்து இறக்கியது. நம் காலத்தில் ‘சோப்ஸ்’, ‘சப்சோனிக் ஐ’ ஆகிய உள்ளூர்க் குழுக்களின் பாடல் தொகுப்புகளை அமெரிக்காவின் டாப்ஷெல்ஃப் நிறுவனம் வெளியிடுகிறது. 2002 முதல் எஸ்பிளனேடில் நடந்துவரும் ‘பேபீட்ஸ்’ இசை விழா, புதிய குழுக்களைத் தேர்ந்தெடுத்து மூத்த கலைஞர்களைக்கொண்டு வழிகாட்டி மேடை ஏற்றுகிறது. தமிழிலும் முடியாததில்லை. பக்கத்து மலேசியாவில் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ 2006இல் வந்தபோது, சினிமாவை நம்பாமல் தமிழில் பாடி ஊரையே கேட்கவைக்கலாம் என்று தெரிந்தது. அந்தப் பாடல்களை என் மாமா இன்னும் காரில் போடுகிறார்.

ஆனால் பெரிய பாடகர்கள் வருவார்கள் என்பதற்காக மட்டும் சிறிய அறைகளைக் கேட்கவில்லை. அந்த அறுபது பேரில் பெரும்பாலோர் எதிலும் புகழ்பெறப் போவதில்லை. அந்த நால்வரும் நாளைக்குக் கணக்காய்வாளராகவோ தாதியாகவோ ஆகலாம். அன்று அவர்கள் தங்கள் சொந்தச் சொற்களைத் தங்கள் வயதுடையவர்கள் முன் கத்திப் பாடினார்கள், அது போதும். தமிழ் நம் வீட்டிலும் வகுப்பிலும் தேர்விலும் இருக்கிறது. சாதாரண நிலைத் தேர்வு முடிந்ததும் பலருக்கு வகுப்பும் தேர்வும் போய்விடும், வீடு மட்டும் மிஞ்சும். பதினெட்டு வயதில் யாராவது மனம் உடைந்தால், கோபம் வந்தால், காதல் வந்தால், அதைத் தமிழில் சொல்லிப் பார்க்க ஓர் இடம் வேண்டாமா? இல்லையென்றால் ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வோம். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கேட்பவர்களான நம்மிடமும் குறை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பெரிய இசையமைப்பாளர் வந்தால் நுழைவுச்சீட்டுக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம். நானும் போயிருக்கிறேன், அடுத்த முறையும் போவேன். ஆனால் 18 வெள்ளிக்கு ஒரு சாண் மேடை என்றால் “யார் இவங்க?” என்று கேட்கிறோம். நாட்டின் 60ஆம் ஆண்டையொட்டிச் சிங்கப்பூரர்களுக்கு உள்ளூர்க் கலைநிகழ்ச்சிகளுக்கென 100 வெள்ளி சலுகை தரப்பட்டது. என் தமிழ் நண்பர்கள் குழுவில் எத்தனை பேர் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டேன். பதில் போட்ட ஏழு பேரில் ஒருவர்தான். அவரும் அதைத் தம் பாட்டியை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லப் பயன்படுத்தினாராம். (நல்ல பேரன், குறை சொல்லவில்லை.)

பல்கலைக்கழகத் தமிழ் மன்றம் ஒன்றில் செயற்குழுவில் இருக்கும் நண்பரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். நடுவர் வேண்டாம், பரிசு வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம், குத்துவிளக்கும் வேண்டாம். ஓர் அறை, இரண்டு ஒலிவாங்கி, சொந்தமாக எழுதியதை யார் வேண்டுமானாலும் பாடலாம் என்றேன். “போட்டி இல்லைன்னா ஆள் வருமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். போட்டி என்றால் பள்ளிகள் மாணவர்களை அனுப்பும், பெற்றோர் வருவார்கள், சான்றிதழ் கிடைக்கும். இதற்கு எதுவும் கிடையாது. முதல் முறை பத்துப் பேர் வரலாம். பத்துப் பேருக்காக அறை எடுக்க ஒரு மன்றம் தயாரா என்பதுதான் நான் திருப்பிக் கேட்டது. இன்னும் பதில் வரவில்லை.

பேஸ் வாசித்த இளையர் தேசிய சேவைக்குப் போவதற்கு முந்தைய இரவு தம் இரண்டு பாடல்களையும் எனக்கு அனுப்பினார். கைப்பேசியில் பதிவு செய்தவை, பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. ஒன்று எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அதை அவரிடம் சொல்லிவிட்டேன். மற்றொன்று, தாத்தா இறந்த பிறகு அவருடைய பழைய வீவக வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போவதைப் பற்றியது. அதில் ழகரம் இரண்டு இடத்தில் தவறுகிறது. அதை நான் மூன்று முறை கேட்டேன்.

அடிப்படை ராணுவப் பயிற்சி முடிந்து அவருக்கு ஓய்வு கிடைக்கும் ஒரு சனிக்கிழமைக்கு, எங்கள் பேட்டை சமூக மன்றத்தின் இசைப் பயிற்சி அறையை இரண்டு மணி நேரத்துக்குக் கேட்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், என் அம்மாவையும் சேர்த்து. நானும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது பத்தி இன்னும் வரவில்லை.