சிறிய வேலையை ஏற்கலாம், இராஜினாமாக் கடிதத்தை ஏற்கலாமா?

கட்டுநாயக்க முதலீட்டு ஊக்குவிப்பு வலயத்தில் நீண்டகாலம் இயங்கிவந்த நெக்ஸ்ட் ஆடைத் தொழிற்சாலை 2025 மே மாதம் சடுதியாக மூடப்பட்டது. 1,400இற்கும் மேற்பட்டோர் தொழிலை இழந்தனர். அதற்கு முந்திய மாதம்தான் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்திருந்தது. ஓகஸ்டில் அது 20 சதவீதத்தில் வந்து நின்றதும் நாடு பெருமூச்சு விட்டது. ஆனால் ஆடைத் தொழிற்சாலைகளை நம்பி வாழும் வீடுகளில் பேச்சு மாறவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் எங்களுக்கு இது தெரியும். "எங்கட இடமும் மூடுமா?" என்ற கேள்வியோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "டவுன்ல ஒரு கடையில ஆள் கேக்கிறாங்க. சம்பளம் குறைவு. இப்பவே போறதா, நிக்கிறதா?"

இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பெரியவர்கள், கிடைத்த ரிஸ்கை உதறாதே, போய்ச் சேர் என்பார்கள். கூட வேலை செய்பவர்கள், பன்னிரண்டு வருடம் சுப்பவைசராக இருந்துவிட்டுக் கடையில் சாமான் அடுக்குவதா என்று ரோஷமூட்டுவார்கள். இரு தரப்பும் வேலையைப் பற்றித்தான் பேசுகின்றன. பழைய வேலையிலிருந்து எந்தக் கடதாசியோடு வெளியேறுகிறோம் என்பதை யாரும் பேசுவதில்லை. பல குடும்பங்கள் இலட்சக்கணக்கில் இழப்பது அந்த இடத்தில்தான்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஊழியர் சேவை முடிவுறுத்தல் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடமொன்றில், முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாட்கள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக நிறுத்துவதென்றால் இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி. அனுமதி வழியாகப் போனால் நட்டஈட்டுக்கு வர்த்தமானியில் ஒரு சூத்திரம் இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாம் வருடத்திலிருந்து பதினான்காம் வருடம் வரை இரண்டு மாதச் சம்பளம், அதன் பிறகு படிப்படியாகக் குறையும். உச்ச வரம்பு 25 இலட்சம் ரூபா.

40,000 ரூபா சம்பளத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம், அடுத்த ஏழு வருடத்துக்குப் பதினான்கு மாதம், மொத்தம் இருபத்தாறரை மாதச் சம்பளம். அதாவது 10,60,000 ரூபா. பணிக்கொடை இதற்கு வேறாக வரும். அதே ஆள், மூடப்போகிறார்கள் என்ற கதையைக் கேட்டு, கடை வேலைக்காகத் தானே இராஜினாமாக் கடிதம் கொடுத்தால் அவருக்கு வருவது பணிக்கொடை மட்டும். வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி 2,40,000. சில இடங்களில் நிர்வாகமே "சுயவிருப்பில் விலகுகிறேன்" என்ற படிவத்தை நீட்டி, இன்றைக்கே ஒப்பமிட்டால் இன்றைக்கே காசு என்கிறது. அந்தத் தொகை சூத்திரத்தின்படி வருவதை விடக் கூடவா குறைவா என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கணக்குப் பார்க்க ஒரு நாள் கேட்பது தவறல்ல.

அப்படியென்றால் காத்திருப்பதுதான் புத்தியா? எல்லோருக்கும் இல்லை. இந்த நாட்டில் வேலையிழந்தவருக்கு மாதாமாதம் கைகொடுக்கும் காப்பீட்டுத் திட்டம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியின் முழுத் தொகையைச் சாதாரணமாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் எடுக்கலாம். வேலையை விட்டதும் எடுக்கக்கூடியது ஊழியர் நம்பிக்கை நிதியப் பணம், அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஆகவே காத்திருக்கும் காலத்துக்குச் செலவு கொடுப்பது பெரும்பாலும் உம்மாவின் கழுத்தில் கிடப்பதுதான். நகை அடகுக்குப் போகும், பிறகு டியூஷன் நிற்கும். வகுப்பில் ஓ.எல். பிள்ளையொன்று திடீரென்று பின்வரிசைக்குப் போனால் வீட்டில் எந்தக் கட்டம் நடக்கிறது என்று நாங்கள் ஊகித்துக்கொள்வோம்.

வேலை முறைப்படி நிறுத்தப்பட்ட பிறகு குறைந்த வேலையொன்றை ஏற்பதில் வெட்கமும் இல்லை, சட்டச் சிக்கலும் இல்லை. வேறிடத்தில் வேலைக்குப் போவதால் முறையிடும் உரிமை இல்லாமல் போகாது. வீட்டுச் செலவு எத்தனை மாதம் தாங்கும் என்று எண்ணி, அது தீர்வதற்குப் பாதிக் காலம் இருக்கும்போதே எடுத்துக்கொள்வது நல்லது என்பேன். அடகு வைத்த பிறகு போனால் முதலாளி சொல்வதுதான் சம்பளம். ஆனால் எல்லாச் சிறிய வேலையும் வேலையல்ல. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. அதில் பஸ்ஸுக்கு நாளைக்கு 300 ரூபா போனால் இருபத்தைந்து நாளில் 7,500 குறைந்துவிடும். காலை எட்டிலிருந்து இரவு ஒன்பது வரை நின்று, நேர்முகப் பரீட்சைக்குப் போக ஒரு நாள் லீவும் கிடைக்காத இடமென்றால், அடுத்த நல்ல வேலைக்கான கதவையும் அது மூடிவிடும். கடன்பட்டு முகவருக்குக் காசு கட்டி வளைகுடாவுக்குப் போவதை விட அதுவாவது மேல் என்பதும் உண்மைதான்.

அரச சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள ஆசிரியன் இதையெல்லாம் சொல்வது லேசு. எழுதும்போது அது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

ஆனாலும் நம்மவர்களின் கடைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தொழிற்சாலையிலிருந்து வெளியேறுபவரை முதலில் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் ஊர்க் கடைகள்தான். அது நல்ல காரியம். ஆனால் பதினைந்து பேருக்குக் குறைவான கடைக்கு மேற்சொன்ன சட்டம் பொருந்தாது. எனவே அங்கு போகிறவர் சம்பளத்தில் மட்டுமல்ல, பாதுகாப்பிலும் ஒரு படி இறங்குகிறார். மிஞ்சியிருப்பது சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியமும். அவை ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் கட்டாயம். 30,000 ரூபா சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 12 சதவீதமும் 3 சதவீதமுமாக மாதம் 4,500 ரூபா. "அதெல்லாம் நமக்குள்ள எதுக்கு, நானா" என்று தோளில் தட்டும் கடைக்காரர், வருடத்துக்கு 54,000 ரூபாவை அந்த ஊழியரிடமிருந்து எடுக்கிறார். சேரும் நாளிலேயே இதைக் கேட்க வேண்டும்.

சம்மதமும் அனுமதியும் இல்லாமல் ஏற்கனவே நிறுத்தப்பட்டவர்கள் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் முறையிட ஆறு மாதம்தான் அவகாசம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போனால் போதும். புதிய கடையில் ஒரு நாள் லீவு கேட்க வேண்டியிருக்கும்.