விழப்போகும் பல்லுக்கும் வேர் உண்டு

"விழப்போகிற பல்தானே, பிடுங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது!" பிள்ளையின் கடைவாய்ப் பால்பல்லில் சொத்தை கண்டதும் நம் வீடுகளில் எழும் முதற்பேச்சு இதுவே. விழப்போகிற பல் என்பது உண்மைதான். எப்போது விழும் என்பதைத்தான் நாம் கேட்பதில்லை. முன்பற்கள் ஆறேழு வயதில் ஆடத் தொடங்கினாலும், பால் கடைவாய்ப்பற்கள் எட்டும் ஏறத்தாழ 9 முதல் 12 வயதுக்குள்தான் விழுகின்றன. அதுவரை பிள்ளை மென்று தின்பது அவற்றைக் கொண்டுதான்.

சகோதரிகளே, தானாக விழுந்த பால்பல்லைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். அதில் வேர் இராது. ஆகவே பால்பல்லுக்கு வேரே கிடையாது என்று பலர் எண்ணிவிட்டனர். வேர் இருந்தது, கீழிருந்து எழும் நிரந்தரப் பல்லுக்கு வழிவிட்டுச் சிறிது சிறிதாகக் கரைந்து போயிற்று. பொதுவாகக் கீழ்த்தாடைப் பால் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர்கள், மேல்தாடையில் மூன்று. மெலிந்த அவ்வேர்கள் பல்லின் கழுத்தருகிலேயே பிரிந்து, கால்களை அகல விரித்தாற்போல் நிற்கும். அந்த இடைவெளியில்தான் பின்னாளில் முளைக்க வேண்டிய முன்கடைவாய்ப்பல்லின் கரு வளர்கிறது. அவசரப்பட்டுப் பிடுங்கினால் வேர்நுனி முறிந்து உள்ளே தங்கலாம். அரிதாக, அந்தக் கருவே பெயர்ந்து வரவும் கூடும். சொத்தையைக் கவனியாது விடுவதும் நன்றன்று. இப்பற்களில் சீழ் பெரும்பாலும் வேர்கள் பிரியும் இடத்தில், அதாவது கருவின் தலைமாட்டிலேயே கட்டுகிறது.

இவ்வமைப்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் இராது. மேல்தாடைப் பல்லில் இரண்டு வேர்கள் ஒன்றாக ஒட்டியிருப்பதுண்டு. கீழ்த்தாடைப் பல்லில் நாக்குப் பக்கமாக, சிறிய மூன்றாவது வேர் ஒன்று ஒளிந்திருப்பதும் உண்டு. கிழக்காசிய மக்களிடையே இது அதிகம், ஐரோப்பியரிடையே குறைவு. அமெரிக்கப் பழங்குடியினரின் பூர்வீகத்தை ஆராய்ந்த கிறிஸ்டி டர்னர் என்னும் அறிஞர், 1971-இல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் இந்த மூன்றாம் வேரையே ஒரு தடயமாகக் கொண்டார்!

அறிஞருக்குத் தடயமாகும் வேர், மருத்துவருக்குத் தலைவலி. கண்ணில் படாத வேரில் கிருமி தங்கிவிட்டால், வேர்ச்சிகிச்சை முடிந்த பல்லிலும் சீழ் திரும்ப வரும். எனவே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால், "சின்னப் பல்லுக்கு இதுவுமா?" என்று மறுக்காதீர்கள். ஒரு படத்தில் ஒரு வேர் மற்றொன்றை மறைத்துவிடும். சற்றுக் கோணம் மாற்றி இரண்டாவது படம் எடுப்பதும் அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 6 வயதில், பால்பற்களின் வரிசைக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் அது முளைப்பதால், அதையும் பால்பல் என்றே எண்ணிச் சொத்தையாக விட்டுவிடும் வீடுகள் பல. வெளியே தெரிந்த பின்பும் அதன் வேர் முழுமை பெற ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆகும். அதற்குள் சொத்தை ஆழ்ந்து உள்ளிருக்கும் சதை அழிந்துபோனால், வேர் வளர்ச்சி பாதியில் நின்று, நுனி மூடாமல், சுவர் மெலிந்து போகும். அத்தகைய பல்லைக் காப்பாற்றுவது எளிதன்று.

உங்கள் வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளை இருந்தால், இன்றே அதன் வாயைத் திறந்து, நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிப் பாருங்கள். பால்பற்கள் ஐந்துதான். ஆறாவதாக ஒரு பல் நின்றால், அது நிரந்தரப் பல்.