பிள்ளை விளையாடுகிறதா?

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகல் செல்லும் பெருஞ்சாலையில் இருக்கிறது கலகெதர. அவ்வூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ் பேசும் பெற்றோரை ஒன்று கேட்கிறோம்: உங்கள் பிள்ளை வகுப்பறையில் விளையாடுகிறதா?

நகைக்காதீர்கள்! 1999இல் தீவெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்வித் திட்டமே அப்படித்தான் பணிக்கிறது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என மூன்று வழிகளை அது வகுத்தது. முதலாந் தரத்தில் விளையாட்டு மேலோங்க வேண்டும். ஐந்தாந் தரத்தை அணுகுகையில் எழுத்துவேலை மிகலாம். கூழாங்கல் எண்ணிக் கூட்டல் அறிவதும், கடை வைத்து விளையாடிக் கணக்குப் பழகுவதும் பொழுதுபோக்கல்ல, அதுவே பாடம்.

ஏட்டிலுள்ள இத்திட்டத்தை விழுங்கியது எது? ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை! ஏழைக்கு ஏணியாக வந்தது, இன்று மூன்றாந் தரத்துக் குழந்தையின் கையிலேயே மாதிரி வினாத்தாளைத் திணிக்கிறது. வசதி படைத்தோர் மாலை வகுப்புக்குப் பணங்கட்டுவர். லயத்துப் பிள்ளை எங்கே போகும்?

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் துரைமார் கையிலேயே கிடந்தன. அரசாங்கம் அவற்றை ஏற்றது 1970களிலேதான். பிந்தி வந்தவனுக்கே அடித்தளம் உறுதியாக வேண்டும். அவனிடமோ முதலில் கூரையைக் கேட்கிறார்கள்.

ஆய்வுக்கு வரும் கல்வி அதிகாரிகள், வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் எத்தனை பேர் என அதிபரை வினவுவதை நிறுத்தட்டும். இரண்டாந் தர வகுப்புக்குள் நுழைந்து, கடைசி வாங்கிலுள்ள குழந்தையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லட்டும்.