கிலோமீட்டர் எவ்வளவு? பெயர் மாற்றப் படிவம் கேட்காத கேள்வி!

‘சிங்கிள் ஓனர், 40 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு.’ செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான். விலை பேசுவதும் இந்த நம்பரை வைத்துத்தான். சரி, இந்த நம்பருக்கு யார் பொறுப்பு?

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போடுகிறோம். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாம் எழுதுகிறோம். வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மட்டும் அந்தப் படிவங்கள் கேட்பதில்லை.

அமெரிக்காவில் இதற்கு 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. விற்பவர் ஓடோமீட்டர் காட்டும் தூரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மீட்டர் தவறு என்று தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். 2011 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல் கார்களுக்கு 20 ஆண்டுகள் வரை இந்த விதி உண்டு. ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் சொன்னால், நஷ்டத்தைப் போல 3 மடங்கு அல்லது 10,000 டாலர், இதில் எது அதிகமோ அதை வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும்.

இது வெறும் பண விஷயம் இல்லை. டைமிங் பெல்ட் போன்ற பாகங்களைக் கிலோமீட்டர் கணக்கில்தான் மாற்றுகிறோம். 90 ஆயிரம் ஓடிய காரை 40 ஆயிரம் என்று காட்டினால், ‘இன்னும் டைம் இருக்கு’ என்று விட்டுவிடுவோம். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பல கார்களில் இன்ஜினே காலி. நெடுஞ்சாலையில் அது நடந்தால், உள்ளே இருப்பது நம் குடும்பம்.

அதனால் கார் வாங்கும்போது இதையெல்லாம் செய்யுங்க:

* சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க. ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். நம்பர் பின்னால் போயிருந்தால் உஷார்.
* பெடல் ரப்பர், ஸ்டீயரிங், டிரைவர் சீட் தேய்மானத்தைப் பாருங்க. குறைவாக ஓடிய வண்டியில் இவை வழவழப்பாகத் தேய்ந்திருக்காது.
* விற்பனை ஒப்பந்தத்தில் கிலோமீட்டரையும் தேதியையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்க. மீட்டரை போட்டோ எடுத்து வைங்க. டீலர் ஏமாற்றியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் இதுவே ஆதாரம்.

விற்பவருக்கும் இது நல்லதுதான். உண்மையிலேயே குறைவாக ஓட்டியவர், மீட்டரைத் திருப்பியவரோடு விலையில் போட்டி போட வேண்டியதில்லை.

ஆனால், எல்லாவற்றையும் வாங்குபவர் தலையிலேயே கட்டுவது நியாயமா? படிவம் 29-ல் இன்னும் ஒரே ஒரு கட்டம் சேர்த்தால் போதும்: ‘ஓடிய தூரம்’. அந்தப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பார்கள்.